வைரஸ் என்று நினைத்தானாம்

சனிக்கிழமை மத்தியானம் நான் நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தேன். என் மகன் சமையலறை வாசலில் வந்து நின்றான். எனக்கு ஏதோ பெரிய உபகாரம் செய்துவிட்ட முகம்.

"மா, உங்க ஹார்ட்டிஸ்க் ஃபுல்லா வைரஸ். நான் ஃபார்மட் பண்ணிட்டேன். இப்ப கிளீனா இருக்கு."

கரண்டி என் கையில்தான் இருந்தது. அதை அவன்மேல் எறியாமல் இருந்ததற்கு இன்றுவரை யாரும் எனக்கு ஒரு நன்றி சொல்லவில்லை.

"எந்த ஹார்ட்டிஸ்க்?" என்று கேட்டேன். வீட்டில் இருப்பதே ஒன்றுதான். தெரிந்தேதான் கேட்டேன். வேறு எதையாவது சொல்லிவிடமாட்டானா என்ற நப்பாசை.

"அதான் மா, அந்தக் கறுப்பு. உங்க மேச டிராயர்ல இருந்துச்சே."

அடுப்பை அணைத்தேன். நெத்திலி பாதி வெந்தும் வேகாமலும் கிடந்தது. அன்றைக்கு அதை யாரும் சாப்பிடவில்லை.

அந்தக் கறுப்பு டிஸ்க் உள்ளங்கை அகலம்தான். அதற்குள் என் புத்தகம் இருந்தது. பதினெட்டு வயதில் சுங்கை வேயில் ஓர் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவள் நான். இருபத்திரண்டு வருஷம் மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்துக்கொண்டு, தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள் சரியாக ஒட்டியிருக்கின்றனவா என்று பார்த்தேன். சரியாக இருந்தால் 'பாஸ்', இல்லாவிட்டால் 'ரிஜெக்ட்'. என்னோடு அந்த லைனில் உட்கார்ந்திருந்த பெண்களைப் பற்றித்தான் புத்தகம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், சமையல் முடித்து, துணி காயப்போட்டு, பதினைந்து வருஷம் எழுதினேன். நான் பெரிய எழுத்தாளர் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பெண்களைப் பற்றி எழுத என்னை விட்டால் வேறு ஆள் கிடையாது என்பது எனக்குத் தெரியும்.

பிரிக்பீல்ட்ஸில் சின்னதாகப் பதிப்பகம் வைத்திருக்கும் ஒருவர், நான் எப்போதோ அச்செடுத்து வைத்திருந்த இருபது பக்கத்தைப் படித்துவிட்டுப் போடலாம் என்று ஒத்துக்கொண்டார். "இது பழைய ஃபாண்ட் அக்கா. இப்ப உள்ளதுக்கு மாத்திக் கொண்டாங்க. தீபாவளிக்கு முன்னால கொண்டு வந்துடலாம்" என்றார். அதற்காகத்தான் டிஸ்க்கை அலமாரியிலிருந்து எடுத்து மேசை டிராயரில் மேலாக வைத்திருந்தேன். கைக்கு எட்டுகிற மாதிரி இருக்கட்டும் என்று வைத்தேன். எட்டியது, அவன் கைக்கு.

அந்தப் புத்தகத்தில் ஓர் அத்தியாயம்தான் எனக்கு உயிர். லைனில் எனக்கு இடது பக்கத்து நாற்காலியில் பதினேழு வருஷம் உட்கார்ந்திருந்தவளைப் பற்றியது அது. ஒருநாள் ஷிப்ட் முடிந்து வெளியே போகும்போது, தட்டில் நாங்கள் பார்க்கிற எலக்ட்ரானிக் சில்லு ஒன்று குறைகிறது என்று சொல்லி, சூப்பர்வைசர் அவளை மட்டும் கேட்டில் நிறுத்திச் சோதிக்கச் சொன்னான். தடுப்பு கிடையாது, மறைவு கிடையாது. இரண்டு பஸ் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அவளிடம் ஒன்றும் இல்லை. மறுநாள் சில்லு வேறு தட்டில் கிடைத்தது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. அவள் மறுநாள் காலை அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். அந்தச் சூப்பர்வைசர் முகத்தில் விழித்துக்கொண்டு இன்னும் பதினோரு வருஷம் வேலை பார்த்தாள். ஏன் வந்தாள், எப்படி உட்கார்ந்தாள் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. கேட்கிற துணிச்சல் எங்களுக்கு இல்லை.

கடைசியில் அவளாகவே சொன்னாள். கிள்ளான் ஆஸ்பத்திரியில், புற்றுநோய் வார்டில், நான்கு ஞாயிற்றுக்கிழமைகள். "எழுதுடி. என் பேரப் போடாத. ஆனா நான் சொன்னத சொன்ன மாதிரியே எழுது. உன் அழகுத் தமிழ்ல மாத்திக்கீத்தி வெக்காத" என்றாள். நோட்டை எடுத்தால் பேச்சை நிறுத்திவிடுவாள். போனில் பதிவு செய்யவும் விடமாட்டாள். அதனால் வார்டிலிருந்து நேரே வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றியதும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, அவள் வாய் வார்த்தை மறப்பதற்குள் அடித்துவைத்தேன். நாலாவது ஞாயிறுக்குப் பிறகு அவள் பேசவில்லை. போய்ச் சேர்ந்து ஏழு வருஷம் ஆகிறது.

அதைத்தான் என் மகன் கிளீன் பண்ணிக் கொடுத்தான்.

அவன் ஒன்றும் விவரம் தெரியாதவன் இல்லை. இருபத்தேழு வயது. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீசியன். எங்கள் தாமான் குடியிருப்பில் யார் வீட்டில் லேப்டாப் மக்கர் பண்ணினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். நான் பாஸ், ரிஜெக்ட் என்று பார்த்துப் பார்த்துச் சம்பாதித்த காசில் டிப்ளோமா முடித்தவன். நடந்ததை அவனே வரிசையாகச் சொன்னான். பந்திங்கில் அவன் நண்பனுக்குக் கல்யாணம். வீடியோ எடுத்தவரிடமிருந்து முழு வீடியோவையும் வாங்கி வர ஒரு பெரிய டிஸ்க் வேண்டும். என் டிராயரைத் திறந்தான். டிஸ்க்கை ஹாலில் இருக்கும் கம்ப்யூட்டரில் சொருகினான்.

"நான் செக் பண்ணேன் மா! சும்மா பண்ணல. ஓப்பன் பண்ணிப் பாத்தேன். ஃபோல்டர் பேரே கன்னாபின்னான்னு இருந்துச்சு. ஃபைல் உள்ள போனா தலகீழா கேள்விக்குறி, பவுண்டு சைன், ஏ மேல கொம்பு. வரிக்கு வரி அப்படித்தான். சத்தியமா வைரஸ்னுதான் நெனச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ரைட் கிளிக், ஃபார்மட். குயிக் ஃபார்மட்ல டிக் இருந்துச்சு. ஸ்டார்ட் குடுத்தேன்."

"எல்லாம் அழிஞ்சுடும்னு அது சொல்லலியா?"

"சொல்லுச்சு மா. ஓகேவான்னு கேட்டுச்சு. ஓகே குடுத்தேன்."

"மெஷினு கேட்டுச்சு. நீ என்னக் கேட்டியாடா?"

எனக்குத் தொண்டை கட்டும் அளவுக்குக் கத்தினேன். பக்கத்து வீட்டு ஆன்டி செடிக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கத்தினேன்.

அவன் கண்டது வைரஸ் இல்லை, தமிழ். அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்களுக்கு ஒரு குணம் உண்டு. அந்த எழுத்துரு இருக்கிற கம்ப்யூட்டரில் திறந்தால் தமிழாகத் தெரியும். இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால், ஆங்கில எழுத்துகளின் தலையில் கொம்பும் புள்ளியும் முளைத்துக் கண்டதெல்லாம் வரும். 'அம்மா' என்று அடித்தது «õÁ¡ என்று நிற்கும். 'நான்' என்று அடித்தது ¿¡ý என்று நிற்கும். அவன் பார்த்த தலைகீழ்க் கேள்விக்குறி எங்கள் 'ந'. என் சொந்தக் கதை ஆயிற்றே, வரிக்கு வரி 'நான்' வராமல் வேறு என்ன வரும்? பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் ஞாயிறு காலை வகுப்புக்குப் போய் அந்தத் தட்டச்சைக் கற்றுக்கொண்டு, கைப்பழக்கத்தில் கடைசிவரை அதிலேயே எழுதினேன். ஃபைலுக்கும் அதிலேயே பெயர் வைத்தேன். என் பழைய கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இருந்தது. அது செத்துப்போனதும், பழைய இரும்பு எடுக்கும் லோரிக்காரரிடம் தூக்கிக் கொடுத்தவனும் இவன்தான். புதுக் கம்ப்யூட்டரைப் பூட்டிக் கொடுத்தவனும் இவன்தான். இதில் அந்த எழுத்துருவை ஏற்ற வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டே இருந்தேன். நினைத்ததோடு சரி.

"பேக்கப் இல்லையா மா?" என்றான்.

"அதான்டா பேக்கப்பு! கம்ப்யூட்டரு செத்தப்ப நீதான சொன்ன, எல்லாம் டிஸ்க்ல இருக்கு, கவலப்படாதீங்கன்னு?"

பிறகு ஒன்று சொன்னான் பாருங்கள். அதற்கு முன்னால் அவன் செய்ததைக்கூட நான் மன்னித்திருப்பேன்.

"மறுபடி எழுதுங்க லா மா. நீங்கதான எழுதுனீங்க. ஞாபகம் இருக்கும்ல?"

மறுபடி எழுத வேண்டுமாம். மளிகை லிஸ்ட்டா இது, தொலைந்தால் இன்னொன்று எழுதிக்கொள்ள? போன வாரம் என்ன குழம்பு வைத்தேன் என்று கேட்டால் எனக்கு யோசிக்க வேண்டும். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தி மூச்சிரைக்கச் சொன்ன வார்த்தைகளை, அதே வரிசையில், அதே நக்கலோடு நான் எங்கே போய் எடுப்பேன்? அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அழுகை வரவில்லை. அழுதிருந்தால் கொஞ்சம் இறங்கியிருக்கும். கோபம் மட்டும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் அவனை இழுத்துக்கொண்டு கொமுட்டர் ரயிலில் சென்ட்ரல் ஸ்டேஷனில் போய் இறங்கி, பிரிக்பீல்ட்ஸுக்கு நடந்தேன். அங்கே மாடியில் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. அழிந்த படங்களையெல்லாம் மீட்டுக் கொடுக்கிறார்கள் என்று பதிப்பாளர்தான் சொன்னார். ரயிலில் ஒரு மணி நேரம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். ஏசி காற்று ஐஸாக அடித்தது. அவன் கொண்டுவந்திருந்த ஜாக்கெட்டை நீட்டினான். வாங்கவில்லை. நடுங்கிக்கொண்டே போனேன்.

கடைக்காரர் டிஸ்க்கைச் சொருகிப் பார்த்தார். நடுத்தர வயது, நிதானமான மனிதர்.

"குயிக் ஃபார்மட்தான ஆன்டி? அப்ப பயப்படாதீங்க. புத்தகத்துல முன்னால எந்தப் பாடம் எந்தப் பக்கம்னு ஒரு தாள் இருக்கும்ல, அதக் கிழிச்ச மாதிரிதான். பக்கமெல்லாம் உள்ளதான் இருக்கும்."

எனக்கு மூச்சு வந்தது. அவர் என் மகன் பக்கம் திரும்பினார்.

"ஃபார்மட் பண்ண பிறகு மேல எதும் ஏத்தலயே பாஸ்?"

என் மகன் தரையைப் பார்த்தான்.

"கேக்குறாருல்ல, சொல்லு" என்றேன்.

"கல்யாண வீடியோ" என்றான் மெதுவாக.

"எவ்வளவு?"

"பரிசம், நலங்கு, தாலி கட்டு, டின்னர். ஃபுல்லா."

கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். எழுதின பக்கத்தின் மேலேயே வேறு எதையாவது எழுதிவிட்டால், அடியில் இருந்தது போனது போனதுதான் என்றார். எது தப்பித்தது, எது போனது என்று எடுத்துப் பார்த்தால்தான் தெரியும், பத்து நாள் ஆகும் என்றார்.

அந்தப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் நான் பார்த்ததுகூட இல்லை. நன்றாக இருக்கட்டும். ஆனால் அந்தப் பத்து நாளும் அவர்கள்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்வது. என் சிநேகிதி சாகப்போகிறோம் என்று தெரிந்து சொன்ன பேச்சின்மேல் இவர்கள் டின்னரில் கேக் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். நாலு நாள் கல்யாணம், அதை ஆதியோடு அந்தமாக வீடியோ, அதைப் பார்ப்பதற்கு நேரம் இருக்கிற ஆள் யார்? என் மகனே அதை இன்னும் திறந்து பார்க்கவில்லை. கேட்டேன். பார்க்கவில்லை என்றான்.

வீட்டில் அவனுக்குச் சோறு போட்டேன், சட்டை தேய்த்துவைத்தேன், பேசவில்லை. அவன் அப்பா இருந்திருந்தால் இடையில் புகுந்து ஏதாவது சமாதானம் செய்திருப்பார். அவர் போய் நாலு வருஷம். அதனால் கோபம் தடுப்பார் இல்லாமல் வளர்ந்தது. அவன் பாத்திரம் கழுவிவைத்தான். சொல்லாமலே பாசார் போய் மீன் வாங்கி வந்தான். சின்னப் பையனாக இருந்தபோது தப்பு செய்துவிட்டு இப்படித்தான் வீட்டைச் சுற்றிச் சுற்றி வருவான். நான் கண்டும் காணாமல் இருந்தேன். மீன் மட்டும் நல்ல மீன், வாங்கிக்கொண்டேன்.

பத்தாம் நாள் கடைக்காரர், கிடைத்ததையெல்லாம் ஒரு பெண்ட்ரைவில் போட்டுக் கொடுத்தார். பெயர்கள் போய்விட்டன, எல்லாவற்றுக்கும் நம்பர்தான். என் மகன் வேலை முடிந்து போய் வாங்கி வந்தான். "நீங்க தொடாதீங்க மா. நானே எல்லாத்தையும் சரி பண்ணித் தரேன்" என்றான். பழைய எழுத்தைப் புது எழுத்தாக மாற்றிக் கொடுக்கும் இணையதளம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டானாம். சரி, கெடுத்தவனே சரி பண்ணட்டும் என்று விட்டேன். அதுதான் நான் செய்த அடுத்த தப்பு.

ஒரு வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், முகமெல்லாம் பல்லாக வந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் கொடுத்து அச்செடுத்து, சுருள் கம்பி கோத்து, மேலே கண்ணாடித் தாள் போட்டு, புத்தகமாகவே பண்ணிக் கொண்டுவந்திருந்தான். நல்ல கனம். என் மடியில் வைத்தான்.

"எடுத்துட்டேன் மா. எல்லாம் தமிழ்ல வந்துடுச்சு."

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தைப் பிரித்தேன்.

லுஊற் ஙிசொ டஞ்ழை வீணுப் ஒறா.

அடுத்த வரியும் அப்படித்தான். அடுத்த பக்கமும் அப்படித்தான். நடுவில் பிரித்தேன், கடைசியில் பிரித்தேன். அச்சு அழகாக இருந்தது. பத்தி பிரித்து, பக்க எண் போட்டு, எழுத்தெல்லாம் தமிழ் எழுத்துதான். ஒரு வார்த்தைகூடத் தமிழ் இல்லை. அந்தத் தளத்தில் பழைய எழுத்துருக்களின் பட்டியல் ஒன்று இருக்கும், நம்முடையது எது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். இவன் முதலில் இருந்ததை அமுக்கியிருக்கிறான். வட்டமும் சுழியுமாகத் தமிழ் மாதிரி வந்ததும், வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டான்.

என் முகத்தைப் பார்த்து அவன் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

"தப்பு இருக்கா மா?"

இன்னொரு பக்கத்தைப் பிரித்தேன்.

"எந்தப் பக்கம்? சொல்லுங்க, அத மட்டும் மாத்தி பிரிண்ட் எடுத்துக்கலாம்."

எந்தப் பக்கமாம். பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று வாரமாக வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது.

"எந்தப் பக்கமாடா? இருநூறு பக்கம் பிரிண்ட் எடுத்துருக்க, ஒரு வரி, ஒரே ஒரு வரி படிச்சுப் பாத்தியாடா? பெத்தவ எழுதுனதுக்கும் குப்பைக்கும் வித்தியாசம் தெரியல உனக்கு! அன்னைக்கும் தெரியல, இன்னைக்கும் தெரியல! வெக்கமா இல்ல?"

அவன் வழக்கமாக எதிர்த்துப் பேசமாட்டான். அன்றைக்குப் பேசினான். குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"என்னைய மலாய் ஸ்கூல்ல போட்டது யாரு மா?"

தமிழ்ப்பள்ளி எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். மணி அடித்தால் வீட்டுக்குக் கேட்கும். அவனை முதலாம் ஆண்டில் சேர்க்க வேண்டிய சமயத்தில், நானும் அவன் அப்பாவும் பேசி முடிவெடுத்தோம் என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். பொய். அவன் அப்பா தமிழ்ப்பள்ளி என்றுதான் சொன்னார். நான்தான் விடவில்லை. லைனில் எனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் லைன் லீடர் ஆனார்கள். எனக்கு மலாயும் சரியாக வராது, ஆங்கிலமும் வராது என்று கடைசிவரை மைக்ராஸ்கோப்பிலேயே வைத்திருந்தார்கள். என் பிள்ளை அப்படி உட்காரக்கூடாது என்று நினைத்தேன். ஃபாரத்தை நான்தான் நிரப்பினேன், நான்தான் கையெழுத்துப் போட்டேன். அங்கே வாரத்துக்கு ஒருநாள் தமிழ் வகுப்பு வைத்தார்கள். ஃபுட்பால் இருக்கிறது என்று அவன் போகவில்லை. நானும் விட்டுவிட்டேன். தமிழ் படிக்கத் தெரியாமலே வளர்ந்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் எழுதிக்கொண்டிருக்கும்போது என் நாற்காலிக்குக் கீழே கார் பொம்மையை வைத்து விளையாடிக்கொண்டிருப்பான். "என்னா மா எழுதுறீங்க?" என்று கேட்க வாயெடுத்தால், "டிஸ்டர்ப் பண்ணாதடா" என்பேன். கொஞ்ச நாளில் கேட்பதை விட்டுவிட்டான்.

அப்போதும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அதை அவன்மேல் காட்ட முடியவில்லை. அந்தப் புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போய்க் காயாத துணியை எடுத்து மடித்தேன்.

சனிக்கிழமை காலை அவனே கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டான். "வாங்க மா. நான் ஓப்பன் பண்றேன். நீங்க சொல்லுங்க, எது தமிழு, எது குப்பன்னு" என்றான். போனேன். சரியான எழுத்துருவை நான் காட்டினேன், அவன் மாற்றினான். முதல் ஃபைலிலேயே என் வரிகள் வந்தன. எனக்குக் கண் கலங்கியது, அவன் பார்ப்பதற்குள் துடைத்துக்கொண்டேன். பிறகு ஒவ்வொன்றாக. இது சரி, வை. இது பாதி உடைஞ்சுபோச்சு, வை. இது ஒன்றுமில்லை, தூக்கிப் போடு. லைனில் தட்டுத் தட்டாகப் பார்த்தமாதிரி பார்த்துக்கொண்டே போனேன். மத்தியானச் சாப்பாட்டுக்குள் புத்தகத்தில் முக்கால்வாசி கிடைத்துவிட்டது. என் சிநேகிதியின் அத்தியாயம் மட்டும் வரவில்லை.

சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்த பிறகு வந்தது. முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. அது அவள் பேச்சு. "இதான், இதான்" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"படிங்க மா" என்றான்.

சத்தமாகப் படித்தேன். கேட் வந்தது, பஸ்ஸில் இருந்து பார்த்த நாங்கள் வந்தோம், சூப்பர்வைசர் வந்தான். அவனுக்கு அவள் வைத்திருந்த பட்டப்பெயரும் வந்தது. என் மகன் சிரித்துவிட்டான். வீட்டுக்குப் போய் அன்றைக்கு அவள் யாரிடமும் சொல்லாமல் இரண்டு தடவை குளித்தது வந்தது. அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, திரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். இருபத்தேழு வருஷத்தில் நான் எழுதியதை அவன் கேட்பது இதுதான் முதல் தடவை.

"மறுநாளு நான் ஏன் திரும்பி வந்தேன்னு எல்லாருக்கும் கேக்கணும், ஒருத்தியும் கேக்கல. சொல்றேன் கேளு. நான் வந்தது—"

அதற்குமேல் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தது. பக்கத்தை இறக்கினேன். கட்டம்தான். கடைசிவரை இறக்கினேன்.

"ஏன் மா நிப்பாட்டிட்டீங்க?"

"இதுக்கு மேல குப்ப."

அவன் நாற்காலியை என் பக்கம் திருப்பினான். உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற முகம்.

"எதுக்கு வந்தாங்களாம் மா? என்ன சொன்னாங்க?"

சொல்ல வாயைத் திறந்தேன். வார்டு ஞாபகம் இருக்கிறது. மூன்றாவது ஞாயிறு, ஜன்னல் ஓரக் கட்டில். அவள் அதைச் சொன்னதும் நான் வாய்விட்டுச் சிரித்தது ஞாபகம் இருக்கிறது, நர்ஸ் திரும்பிப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது, அவளும் இருமிக்கொண்டே சிரித்தது ஞாபகம் இருக்கிறது. என்ன சொன்னாள் என்று மட்டும் ஞாபகம் இல்லை.

அவன் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியலடா" என்றேன்.